எதிலிருந்து ஓய்வு? வாசகர் கேள்வி – பதில்

சீக்கிரமே ஓய்வு பெறுவது பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பெயர்களை விட்டுவிட்டோம். கடிதங்களைப் படித்தபோது ஒன்று பட்டது. 'வேலை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மாதம் பிறந்தால் அடுப்பெரிய வைப்பது பிழைப்பு. நாற்காலியும் அடையாள அட்டையும் உத்தியோகம். கை பழகிப்போய், ரெண்டு நாள் செய்யாவிட்டால் கை பரபரப்பது தொழில். இவற்றில் எதிலிருந்து விலக வேண்டும் என்று தெரிந்தால்தான் எவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்ல முடியும்.

வயது 43. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு மதுரையில் வீட்டிலிருந்தபடி மென்பொருள் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 1,10,000 ரூபாய். திருநகரில் கடனில்லாத சொந்த வீடு. பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட், டெபாசிட் எல்லாம் சேர்த்து 80 லட்சம் இருக்கிறது. மாதச் செலவு 40,000. மகள் ஒன்பதாம் வகுப்பு. 45 வயதில் ஓய்வு பெற்றுவிட்டு, பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்க ஆசை. 80 லட்சம் போதுமா?

ஓய்வு பெறப் போதாது. தொழிலை மாற்றிக்கொள்ளப் போதும், இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால்.

முதலில் அந்த 40,000-ஐ நம்பாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை வருகிற செலவெல்லாம் மாதக் கணக்கில் தலையைக் காட்டாது. வண்டி இன்சூரன்ஸ், டயர், வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேர், இப்போது அலுவலகம் கட்டுகிற மருத்துவக் காப்பீடு. இவற்றோடு மொய். மதுரைப் பக்கம் மொய்யை விட்டுவிட்டுப் போடுகிற ஓய்வுக் கணக்கு கணக்கே இல்லை. வீட்டு மொய் நோட்டை எடுத்து, கடந்த மூன்று வருடம் நீங்கள் செய்ததைக் கூட்டி மூன்றால் வகுத்துப் பாருங்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று வாங்கியதெல்லாம் திருப்ப வேண்டிய கடன். "நான் வேலையை விட்டுட்டேன்" என்று அங்கே போய்ச் சொல்ல முடியாது. காப்பீட்டுக்கு 35,000, மொய்யும் விசேஷச் செலவும் 40,000, வண்டிக்கு 25,000, வீட்டுப் பராமரிப்புக்கு 20,000 என்று வைத்தாலே வருடத்துக்கு 1,20,000 வந்துவிடுகிறது. ஆக உங்கள் உண்மையான செலவு மாதம் 50,000, வருடம் 6 லட்சம்.

யூடியூபில் சொல்கிற '4 சதவீத விதி' அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுக்க வேண்டும். பிறகு விலைவாசி ஏறுகிற அளவுக்கு அந்தத் தொகையை வருடா வருடம் கூட்டிக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் பணம் 30 வருடம் தாங்கும் என்றார். அவர் வைத்துப் பார்த்தது 1926 முதலான அமெரிக்கச் சந்தைக் கணக்கு. உங்களுக்கு 45-இலிருந்து 85 வரை 40 வருடம் தாங்க வேண்டும். நம் ஊர் விலைவாசியும் வேகமாக ஏறுவது. 72-ஐ விலைவாசி ஏறும் சதவீதத்தால் வகுத்தால் செலவு இரட்டிப்பாக எத்தனை வருடம் என்று வரும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். இன்றைய 50,000 உங்கள் 55 வயதில் ஒரு லட்சம், 67-இல் இரண்டு லட்சம், 79-இல் நான்கு லட்சம். அதனால் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்கச் சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. 3 சதவீதம் என்றால் வருடச் செலவைப் போல் ஏறக்குறைய 33 மடங்கு கையில் வேண்டும். 6 லட்சத்துக்கு அது 1 கோடியே 98 லட்சம்.

இனி டியூஷனை உள்ளே கொண்டுவாருங்கள். 80 லட்சத்தில் 3 சதவீதம் 2,40,000. மீதி 3,60,000-ஐ நீங்கள் சம்பாதித்தால் கணக்கு நேராகிவிடும். டியூஷன் ஃபீஸ் பன்னிரண்டு மாதமும் வராது. ஏப்ரல், மே போக 10 மாதம் என்று வையுங்கள். மாதம் 36,000, ஒரு பிள்ளைக்கு 1,500 என்றால் 24 பிள்ளைகள். நடக்கக்கூடியதுதான். மகளின் கல்லூரிச் செலவுக்கு ஒரு 15 லட்சத்தை மட்டும் இந்த 80-க்கு வெளியே சேர்க்க வேண்டும். கைக்கு வருவதில் 50,000 போக மீதி 60,000-ஐ 24 மாதம் தொடாமல் போட்டால் 14,40,000. இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னது இதற்குத்தான்.

அந்த இரண்டு வருடத்திலேயே சனி, ஞாயிறு ஆறேழு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் நியமன உத்தரவில் வெளிவேலை பார்க்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். டியூஷனில் சறுக்குவது கணக்கில் அல்ல. பிள்ளைகள் வருகிற நேரம் மாலை 5 முதல் 8. உங்கள் வீட்டில் எல்லாரும் கூடியிருக்கிற நேரமும் அதுவே. ஃபீஸ் கேட்க வாய் கூசும். கூசினால் மூன்று மாதம் நிலுவை நிற்கும். அதோடு, உங்களுக்குப் பிடித்தது சொல்லிக்கொடுப்பதா, ஏற்கெனவே புரிந்துகொண்ட பிள்ளையோடு பேசுவதா? பின்னத்தை ஐந்தாம் தடவை விளக்கும்போதும் எரிச்சல் வரவில்லையென்றால் அது உங்கள் தொழில்.

பணத்தை வைக்கும் விதம் பற்றி ஒரு எச்சரிக்கை. சம்பளம் நின்ற முதல் ஐந்து வருடம்தான் ஆபத்து. அப்போது சந்தை 30 சதவீதம் விழுந்து, மளிகைக்காக ஃபண்ட் யூனிட்டுகளை விற்றால், சந்தை மறுபடி ஏறும்போது விற்ற யூனிட் உங்களிடம் இருக்காது. மூன்று வருடம் எடுக்க வேண்டிய 7,20,000-ஐ வங்கி டெபாசிட்டில் வைத்துவிடுங்கள். இரண்டு வங்கியில் பிரித்துப் போடுங்கள். டெபாசிட் காப்பீடு ஒரு வங்கிக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். பயத்தில் 80 லட்சத்தையும் டெபாசிட்டிலேயே போட்டுவிடவும் கூடாது. 7 சதவீத வட்டியில் 6 சதவீதத்தை விலைவாசி தின்றுவிடும். பி.எஃப்.-ஐ அவசரமாக எடுக்காதீர்கள். வேலையை விட்ட பிறகும் 58 வயது வரை அதில் வட்டி ஏறும். விலகிய பிறகு ஏறும் வட்டிக்கு மட்டும் வருமான வரி உண்டு.

ராஜினாமா கடிதத்துக்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம் என்பது விதி. இன்று எடுத்தால் வேலையை விடுவதற்குள் அதில் பெரும்பகுதி ஓடிவிடும். டெர்ம் பாலிசி, கிரெடிட் கார்டு இரண்டுக்கும் வருமானச் சான்று கேட்பார்கள். அதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

திருமங்கலம் பக்கம் அப்பா வைத்த 2 ஏக்கர் செம்மண் நிலமும் கிணறும் இருக்கிறது. வயது 38. மார்க்கெட்டிங் வேலையில் அலைந்து அலுத்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு மல்லிகை போட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். 2 ஏக்கரும் போடலாமா?

மல்லிகை போடலாம். 'நிம்மதியாக' என்கிற சொல்தான் உதைக்கிறது. மொட்டு விரியும் முன் பறித்து விடியலில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு இரவு இரண்டு, மூன்று மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டியிருக்கும். சீசனில் இதற்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மார்க்கெட்டிங்கில் டார்கெட் கொடுத்தவர் மேலாளர். இங்கே செடி கொடுக்கும்.

2 ஏக்கர் வேண்டாம், 25 சென்டில் ஆரம்பியுங்கள். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 1.25 மீட்டர் இடைவெளி விட்டால் 25 சென்டுக்குச் சுமார் 640 செடி பிடிக்கும், ஏக்கருக்குச் சுமார் 2,560. ஜூனிலிருந்து நவம்பருக்குள் நட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடம் பக்கத்து நாற்றுக்கு நல்ல பேர். குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்பதால் வடிகால் முக்கியம்.

நட்ட செடி காசு பார்க்க வைப்பது இரண்டாம், மூன்றாம் வருடத்தில்தான். அதுவரை அது செலவு மட்டுமே. வேலையை விட்டுவிட்டு நடாமல், நட்டுவிட்டு வேலையில் இருங்கள் என்று சொல்ல இது ஒன்றே போதும். வருடா வருடம் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் செடியை வெட்டிக் கவாத்து செய்ய வேண்டும். செடி ஒன்றுக்கு வருடத்துக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120. இதைக் கவாத்து முடிந்ததும் பாதி, ஜூன்–ஜூலையில் பாதி. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை தெளிக்கலாம். புதிதாக வருகிறவர்கள் மொட்டுப்புழுவையும் சிவப்புச் சிலந்தியையும் கண்டுபிடிப்பதற்குள் ஒரு பருவம் போய்விடும்.

இவையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. நட்டம் வருவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, பறிப்பு ஆள். பூ நிறைய வரும் கோடையில் எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் மொட்டு செடியிலேயே விரிந்துவிடும், விரிந்த பூவுக்கு விலை இல்லை. இரண்டு, விலை. மார்கழி, தைப் பனியில் பூ குறைந்து விலை ஏறும்போது உங்கள் செடியிலும் பூ இருக்காது. செய்தித்தாளில் வருகிற அந்த உச்ச விலையை வருடம் முழுக்கப் பெருக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. கோடையில் வரத்து குவிந்து, வாசனைத் தொழிற்சாலைக்கு அடிமாட்டு விலைக்குத் தள்ளுகிற நாட்களும் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் கமிஷன் கடைச் சீட்டு ஒரு வருடத்துக்குரியதைக் கேட்டு வாங்கிக் கூட்டிப் பாருங்கள். அதில் பறிப்புக் கூலி, கமிஷன், உரம், மருந்து கழித்த பிறகு நிற்பதுதான் விலை.

25 சென்டில் இரண்டு கோடையையும் இரண்டு பனிக்காலத்தையும் பார்த்த பிறகும் இரவு மூன்று மணிக்கு எழுந்திருக்க மனம் இடம் கொடுத்தால், அடுத்த 50 சென்ட். அதுவும் உங்களுக்கு ஓய்வு இல்லை, தொழில் மாற்றம்.

வில்லாபுரத்திலிருந்து எழுதுகிறேன். வயது 25. ஒரு பேக் ஆபீஸில் 18,000 சம்பளம். சுங்குடிச் சேலை டிசைன் செய்வதில் உயிர். அப்பா அரசுத் தேர்வு எழுதச் சொல்கிறார். பிடித்ததைச் செய்தால் பணம் தானாக வரும் என்கிறார்களே, வேலையை விடட்டுமா?

தானாக வராதும்மா. சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகும் கடையில் தொங்குவதில் பெரும்பங்கு அச்சடித்த சேலை. வாங்குகிறவர் உங்கள் கைமுடிச்சுச் சேலையை அந்த விலையோடுதான் ஒப்பிடுவார்.

ஒரு தொழில் பிடிக்குமா என்பதை அதன் சலிப்பான பகுதியை வைத்துப் பாருங்கள். சுங்குடியில் டிசைன் வரைவது கொஞ்ச நேரம். மிச்சமெல்லாம் நகத்தால் துணியைக் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சுப் போடுவது, அதுவும் ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். முடிச்சு தளர்ந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி மங்கும். சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் முதல் துவைப்பிலேயே ஓடி, வாங்கியவர் திருப்பிக் கொண்டுவருவார். இதையும் ரசித்துச் செய்ய முடிகிறதா?

இன்னொரு சோதனை. நாளைக்கு 9 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் இப்போது உங்களுக்கு மணிக்கு ஏறக்குறைய 77 ரூபாய் கிடைக்கிறது. ஒரு சேலையை முழுதாக முடித்து விற்றுப் பாருங்கள். விற்ற விலையில் துணி, சாயம், முடிச்சுக் கூலி, போக்குவரத்து கழித்து, நீங்கள் செலவிட்ட மணிகளால் வகுங்கள். விற்பதற்காகப் பேசிய நேரமும் அந்த மணிகளில் சேரும். பத்துச் சேலை விற்றும் 77-க்குப் பக்கத்தில் வரவில்லையென்றால் அது இப்போதைக்கு உங்கள் பொழுதுபோக்கு. அதில் ஒரு குறைவும் இல்லை. வந்துவிட்டால் ஆறு மாதச் செலவைச் சேர்த்து வைத்துக்கொண்டு அப்பாவிடம் பேசுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு பேசினால் அப்பாக்கள் கேட்பார்கள்.

எல்லீஸ் நகர். வயது 52. தனியார் நிறுவனத்தில் 24 வருடமாகக் கணக்கராக இருக்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 28,000, கைக்கு 35,000. இப்போது விருப்ப ஓய்வுக்கு 6 லட்சம் தருகிறார்களாம். கணவருக்கு 61, ஓய்வு பெற்றவர். வாங்கிக்கொள்ளலாமா? பி.எஃப். பென்ஷனை உடனே வாங்கலாமா?

6 லட்சம் என்பது உங்கள் 17 மாதச் சம்பளம். 58 வயது வரை இருந்தால் இன்னும் 72 மாதச் சம்பளம் உண்டு. நிறுவனம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தால் இது உங்களுக்கு நட்ட வியாபாரம். கடையைக் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கெழுதும் உங்களுக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, தனி. இந்த 6 லட்சத்துக்குள் அதையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். 28,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 24 வருடத்தால் பெருக்கினால் 3,87,692 ரூபாய். விலகினாலும் இருந்தாலும் இது உங்களுடைய பணம். விருப்ப ஓய்வுத் தொகையில், திட்டம் வருமான வரி விதிகளுக்கு உட்பட்டதாக இருந்தால், 5 லட்சம் வரை வரி இல்லை. மீதி ஒரு லட்சம் வருமானத்தில் சேரும்.

பென்ஷனை 50 வயதிலிருந்தே வாங்கலாம்தான். ஆனால் 58-க்கு எத்தனை வருடம் முந்துகிறீர்களோ, வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு. அந்த வெட்டு ஆயுளுக்கும் தொடரும். அடுப்பெரியாத நிலை இல்லையென்றால் தொடாதீர்கள். 10-சி படிவம் கொடுத்து, வேலை பார்த்த வருடங்களுக்குச் சாட்சியான ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, 58-இல் பென்ஷன் கேட்டு 10-டி படிவம் கொடுங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா, விலகிய தேதி ஏறிவிட்டதா என்று அலுவலகத்தில் ஆள் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல்.

வருகிற பணத்தைத் தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் உங்கள் பெயரில் 9 லட்சம் வரை போடலாம். 2025-இல் இருந்த 7.4 சதவீதத்துக்கு மாதம் 5,550 வரும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உங்களுக்கு இப்போது இடமில்லை. விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் 55 ஆக வேண்டும். உங்கள் கணவர் போடலாம். உச்சவரம்பு 30 லட்சம், 2025-இல் 8.2 சதவீதம். உங்கள் பணத்தை அவர் பெயரில் போட்டால் வட்டி உங்கள் வருமானமாகவே கணக்கில் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

24 வருடம் கணக்கெழுதிய கைக்கு மாசி வீதிகளில் வேலை கிடைக்காமல் போகாது. கடைக்காரர்களின் மாதாந்திர ஜி.எஸ்.டி. தாக்கலில் விற்பனை விவரத்துக்குக் கெடு 11-ஆம் தேதி, வரி கட்ட 20. ஐந்தாறு கடையைப் பிடித்தால் மாதத்தில் முதல் இருபது நாள் வேலை, மீதி பத்து நாள் உங்களுடையது. பில்லை 10-ஆம் தேதி இரவு கொண்டுவருகிற கடைக்காரரை மட்டும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

என் கணவர் 51 வயதில் விருப்ப ஓய்வு வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாள் முழுக்க வீட்டில் இருந்துகொண்டு, குழம்பில் உப்பிலிருந்து கேஸ் எத்தனை நாள் வருகிறது என்பது வரை தணிக்கை செய்கிறார். என்ன செய்வது?

அவர் விட்டது உத்தியோகத்தை. தணிக்கைத் தொழில் இன்னும் கையில் நிற்கிறது. அதற்கு வேறு சமையலறை தேடித் தர வேண்டும்.

மதுரையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 11 படுக்கையுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இதைச் சொல்கிறவர்கள் பலரும் விட்டுவிடுவது, அரசுப் பணியில் இருந்தபோதே அவர் ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம் நடத்திக்கொண்டிருந்தார் என்பதை. ஓய்வுக்குப் பிறகு புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைப் பெரிதாக்கினார். உங்கள் கணவரிடமும் அலுவலகத்தில் எந்த வேலையைக் கொடுத்தால் கடிகாரம் பார்க்காமல் செய்தார் என்று கேளுங்கள். பதில் வர ஒரு வாரமாகலாம்.

அதுவரை காலை 10 முதல் 1 வரை வீட்டுக்கு வெளியே என்று ஒரு ஏற்பாடு. நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மூன்று மணி நேரம் போவதே தெரியாது. குடியிருப்போர் சங்கம், கோயில் திருப்பணிக் கமிட்டி போன்றவற்றில் வரவு செலவு பார்க்க ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் குறித்த நாள், குறித்த நேரம், கேள்வி கேட்க ஒருவர் என்று மூன்றும் இருக்கிற இடமாகப் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒரு மாதத்தில் மறுபடி சமையலறைக்கு வந்துவிடுவார்.

வீட்டில் கல்யாண வயதில் பிள்ளை இருந்தால் "அப்பா என்ன பண்றாரு?" என்ற கேள்வி வரும். "ஓய்வு" என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். அதற்காகவே விசிட்டிங் கார்டு அடிக்க ஏதாவது கடை ஆரம்பிக்கக் கிளம்புகிறவர்கள் உண்டு. கவனியுங்கள். மொத்தமாகப் பணம் வந்த செய்தி சொந்தபந்தத்துக்கு எட்டியிருக்கும். பங்குக்குச் சேர்க்கிறோம் என்று வருகிறவர்களுக்கும், பதிவில்லாத சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கும், ஜாமீன் கையெழுத்து கேட்கிறவர்களுக்கும் ஒரே பதிலை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "பணம் ஐந்து வருடத்துக்குத் தபால் ஆபீஸில் போட்டாச்சு." சொல்வதற்கு முன் நிஜமாகவே போட்டுவிடுங்கள்.